நான்காவது வயர்

சனிக்கிழமை காலை, பட்டறையில் ஒரு நீராவிக் குழாயின் அடியில் மண்டியிட்டு அதைச் சுற்றியிருந்த, சூடு தாங்கும் வெள்ளைப் பஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். மேலே ஒட்டியிருந்த வயரும் இரண்டு பக்கத்து வயர்களும் சும்மா வரவில்லை. குறடால் முறுக்கித்தான் பிய்க்க வேண்டியிருந்தது. அடியில் இருந்த நான்காவது வயர் மட்டும் பஞ்சோடு சேர்ந்து கைக்கு வந்துவிட்டது. அதை நான் இழுக்கவே இல்லை.

பஞ்சை உரிக்கும்போது அசைந்து இப்போதுதான் கழன்றதா, இல்லை, முந்தின நாள் குழாய் சூடேறும்போதே கழன்றுவிட்டதா? நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கறுத்திருந்தது. சூட்டில் கிடந்த எந்த வயரும் கறுத்துத்தான் இருக்கும். ஒட்டியவுடன் இழுத்துப் பார்த்தேனா என்று யோசித்தேன். அதுவும் நினைவுக்கு வரவில்லை.

வயரைச் சுருட்டி என் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

என் வேலை என்னவென்று கேட்டவர்களுக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. சிங்கப்பூரில், ஜூரோங்கில் உள்ள ஒரு பட்டறையில், மின்நிலையங்களுக்குப் போகும் தடித்த நீராவிக் குழாய்களை வெல்டு செய்கிறார்கள். வெல்டு முடிந்ததும் அந்த இணைப்பை அளவாகச் சூடாக்கி, அளவாக வைத்திருந்து, மெல்ல ஆறவிடுவது என் வேலை. பள்ளியில் உயர்நிலை நான்கு வரைதான் படித்தேன். முன்பு மின்னணுப் பொருள்கள் செய்யும் ஆலையில் இருந்தேன். அது வேறு நாட்டுக்குப் போனபோது என்னைப் போன்றவர்களுக்குக் கிடைத்த வேலைகளில் இது ஒன்று. வேலைக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கொட்டகையில் நான் ஒருத்திதான் பெண்.

இரும்பு என்றால் இரும்புதான் என்று நினைத்து வந்தவள் நான். சேர்ந்த புதிதில் இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே விரல் நீளத்தில் இரண்டு உருக்குத் துண்டுகளைக் கையிலிருந்து கைக்கு அனுப்பினார்கள். இரண்டும் ஒரே குழாயில் வெட்டியவை. ஒன்று ஆலையிலிருந்து வந்தபடியே இருந்தது. மற்றதைப் பட்டறையில் யாரோ கொஞ்சம் அதிகமாகச் சூடாக்கிவிட்டார்கள். எது கெட்டது என்று கேட்டார்கள். வகுப்பில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எடை, நிறம், பளபளப்பு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. பிறகு வேறு இரண்டு துண்டுகளைக் காட்டினார்கள். அவற்றை உலைக்குள் தொங்கவிட்டு, ஒரே பாரத்தைக் கட்டி, மாதக்கணக்கில் விட்டிருந்தார்களாம். ஒன்று போனபடியே வந்திருந்தது. கெட்டது நடுவில் ஜவ்வுமிட்டாய் போல இழுபட்டு, மெலிந்து, அறுந்திருந்தது.

எனக்கு அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. அந்த வகை உருக்கை நாங்கள் 'நைன்டி ஒன்' என்று சொல்வோம். அதன் பலம் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதில் மட்டும் இல்லை. ஆலையில் அதை நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, காற்றில் ஆறவிட்டு, மறுபடி குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். பலம் அந்தப் பக்குவத்தில் இருக்கிறது. வெல்டு வைத்தால் அந்த இடத்தில் பக்குவம் கலைந்துபோகும். கண்ணாடி மாதிரி விறைத்து நிற்கும். அதனால்தான் நாங்கள் திரும்ப எழுநூற்று அறுபது டிகிரியில் சில மணி நேரம் வைக்கிறோம். சூடு குறைந்துபோனால் விறைப்பு நிற்கும், பின்னால் விரிசல் விடும். கூடிப்போனால் மிருதுவாகிவிடும். மிருதுவானது இன்றைக்கு ஒன்றும் செய்யாது. மின்நிலையத்தில் மாட்டி, உள்ளே நீராவி ஓடி, குழாய் இரவும் பகலும் தகித்துக்கொண்டிருக்கும்போது, வருடம் வருடமாக மெல்ல இளகும். அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் ஆட்கள் நடப்பார்கள்.

சூடு எவ்வளவு என்று இயந்திரத்துக்குச் சொல்வது அந்த வயர்கள்தான். குழாயின் நான்கு பக்கமும் சூடேற்றும் பட்டைகளைக் கட்டுவோம். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு வயர் உண்டு. அதன் நுனியைக் குழாயில் பொட்டு வைத்ததுபோல் ஒட்ட வேண்டும். வயர் அறுந்துவிட்டால் இயந்திரம் கத்தும். அறுபடாமல் இடம் மட்டும் நழுவினால் கத்தாது. தான் கிடக்கும் இடத்தின் சூட்டையே குழாயின் சூடாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அதனால் ஒட்டியதும் ஒவ்வொரு வயரையும் விரலால் ஒரு முறை இழுத்துப் பார்ப்பேன். வாய்க்குள் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வெள்ளிக்கிழமை காலையில் மூன்று வரை எண்ணியது நன்றாக நினைவிருக்கிறது. அப்போது கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த லாரி ஓட்டுநர் கையெழுத்துக்காகக் கூப்பிட்டார். திரும்பி வந்து அடியில் படுத்து நான்காவதை ஒட்டினேன். 'நான்கு' என்று சொன்னேனா?

பட்டறையின் மேற்பார்வையாளர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். எல்லோருக்கும் அவர் பாய். உரித்து முடித்த நேரத்தில் வந்து, இயந்திரம் சூட்டைக் கோடாக வரைந்திருந்த தாளை எடுத்து மூக்குக் கண்ணாடிக்கு அருகே வைத்துப் பார்த்தார். நான்கு நிறத்தில் நான்கு கோடுகள், எழுநூற்று அறுபதில் படுக்கையாக நேராகப் போயிருந்தன.

"ஸ்கேல் வச்சு வரைஞ்ச மாதிரி இருக்கேம்மா. செவ்வாய்க்கிழமை லாரி. திங்கள் மத்தியானம் பெயிண்ட். கையெழுத்துப் போட்டுக் கொடு."

போட்டுக் கொடுத்தேன். பைக்குள் இருந்த வயர் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். "டீ குடிக்கிறீங்களா பாய்?" என்றுதான் வந்தது.

அந்த ஆர்டரில் பத்து இணைப்புகள். பத்தில் ஒன்றைத்தான், உருக்கு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று கருவியால் அளந்து பார்ப்பார்கள். அந்த ஒன்று எது என்று முன்பே முடிவாகிவிட்டது. நான் உரித்த ஏழாவது இணைப்பு அது இல்லை.

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டுக்கு வந்து, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று வழக்கம்போல் மூன்று முறை பார்த்தேன். என் கணவர் டாக்சி ஓட்டுகிறார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கோடு நேரா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் என்ன? வீட்டுப் பூட்ட இழுத்து இழுத்துப் பார்க்கிற ஆளு நீ. போன மாசம் கைப்பிடியே கழண்டு வந்துச்சு. வயர இழுக்காம விட்டிருப்பியா?"

நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தக் கோடுதான் எனக்குப் பயம். வயர் நழுவிப் பட்டையைத் தொட்டுக்கொண்டு கிடந்திருந்தால், பட்டையின் அதிகச் சூட்டைச் சொல்லியிருக்கும். இயந்திரம் போதும் என்று நிறுத்தியிருக்கும். குழாய் வேகாமல் போயிருக்கும். அப்படியானால் தப்பித்தேன், திரும்பவும் ஒருமுறை சூடாக்கினால் சரியாகிவிடும். வெளிப்பக்கமாகப் பஞ்சுக்குள் நழுவியிருந்தால், குறைந்த சூட்டைச் சொல்லியிருக்கும். இயந்திரம் இன்னும் இன்னும் என்று ஏற்றியிருக்கும். அதற்கு மருந்து இல்லை. வெட்டி எறிய வேண்டியதுதான். இரண்டில் எது நடந்திருந்தாலும், எதுவும் நடக்காவிட்டாலும், தாளில் கோடு ஒன்றுபோலத்தான் விழும்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போனேன். மீன் வாங்கும்போது கைப்பையைத் திறந்தால் பணப்பைக்கு மேலே அந்த வயர் கிடந்தது. வீட்டில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை, எடுத்து வந்திருந்தேன்.

சந்தையை ஒட்டிய சாப்பாட்டுக் கடைப் பக்கம், எங்கள் பட்டறையில் குழாய்களைப் பொருத்தும் ஃபிட்டர் உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயதை நெருங்குகிறவர். மதியத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் பேசுவார், நான் கேட்பேன். எதிர் நாற்காலியில் ரோஜா நிறத்தில் ஒரு பள்ளிப்பை, ஆள்போல உட்கார்ந்திருந்தது.

"அக்கா! என்ன, மூஞ்சி வாடிக் கிடக்கு? மீன்காரர் ஏமாத்திட்டாரா? உக்காருங்க. பைய எடுத்துக் கீழ வைங்க. அது எம் பொண்ணுக்கு. அடுத்த மாசம் ஊருக்குப் போறேன்ல."

டீ வாங்கி வந்தார். வயர் விஷயத்தை அவரிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவரே அந்தக் குழாயைப் பற்றி ஆரம்பித்தார்.

"அந்த ஏழாம் நம்பர் ஜாயின்ட்டு, நீங்க நேத்து பிரிச்சீங்களே, அது என்னா பாடு படுத்துச்சு தெரியுமா? ரெண்டு வாயும் ஒட்டவே மாட்டேங்குது. ஒண்ணு தொங்குது, ஒண்ணு ஏறி நிக்குது. செயின் போட்டு இழுத்துப் பார்த்தேன், ஜாக்கி வச்சுப் பார்த்தேன். பாய் வேற வந்து வந்து நிக்கிறாரு. கடைசியில ஒரு வழியா வழிக்குக் கொண்டாந்துட்டேன்ல!"

"அப்படியா" என்றேன்.

என் மனசெல்லாம் கைப்பைக்குள் இருந்தது. அது நடந்த வியாழக்கிழமை அவர் அந்தக் குழாய்க்கு அடியில் கேஸ் டார்ச்சோடு குனிந்திருந்ததை நானே பார்த்திருந்தேன். வெல்டுக்கு முன்னால் குழாயை லேசாகச் சூடுகாட்டுவது வழக்கம். அதைத்தான் செய்கிறார் என்று கடந்து போய்விட்டேன். டீ ஆறிப்போனது. நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

திங்கள் காலை வேலை தொடங்குமுன் எல்லோரும் நின்று பேசும் கூட்டம். ஹெல்மெட் போடு, கண்ணாடி போடு என்று சொல்லி முடித்ததும் பாய் எப்போதும் கேட்பார். "யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?" யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அவரும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. அன்று அவர் தாளை மடிக்கத் தொடங்கியபோது என் கை மேலே போனது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

"அக்கா கைய தூக்கிட்டாங்க. இன்னிக்கு மழதான்" என்றார் ஃபிட்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏழாவதுல," என்றேன்.  பையிலிருந்து வயரை எடுத்து நீட்டினேன்.

பாய் என்னைத் தனியே அழைத்துப் போனார். சொன்னேன். முழுதாகச் சொல்ல நேரமாயிற்று. அவர் வயரை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"சனிக்கிழமையே ஏம்மா சொல்லல?"

"டீ குடிக்கிறீங்களான்னு கேட்டுட்டேன் பாய்."

"அது சரி." கொஞ்சம் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. "கோடு நேரா இருக்கு. உன் இடத்துல நானா இருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேன். ஆனா இப்ப சொல்லிட்டே. இதுக்கப்புறம் நான் சும்மா இருக்க முடியாது லா."

தரம் பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டார். உள்ளூர்த் தமிழ்ப் பெண், பாலிடெக்னிக் முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது. கருவிப் பெட்டியோடு வந்தாள்.

"ஆன்ட்டி, எந்த ஸ்பாட்?"

"அடியில. வயர் இருந்த இடம்."

"அடியிலயா? மை காட். படுக்கணும் போல." அட்டை ஒன்றை விரித்துப் படுத்தாள். மேலே படிந்திருந்த கறுப்பைத் தேய்த்து, இணைப்புக்குக் குறுக்காக ஒரு பட்டையைப் பளபளப்பாக்கினாள். பேனா மாதிரி இருந்த கருவியை அழுத்தி அழுத்தி எடுக்கத் தொடங்கினாள். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன்.  கருவி காட்டும் கடின எண் நூற்றுத் தொண்ணூறுக்கும் கீழே இறங்கினால் குழாய் மிருதுவாகிவிட்டது என்று அர்த்தம்.

"வெல்டு, டூ தர்ட்டி. நல்லா இருக்கு. அடுத்தது டூ ட்வென்ட்டி. இந்தப் பக்கம் டூ ஃபிஃப்டீன். ஆன்ட்டி, ரிலாக்ஸ் லா. உங்க வயர் அங்கதான் இருந்திருக்கு."

குந்தியிருந்த நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.  பாய் என் தலைக்கு மேலே, "போதுமாம்மா?" என்றார்.

போதும் என்று எழுந்தேன். அந்தப் பெண் எழவில்லை.

"இன்னும் அந்தப் பக்கம் பைப் எடுக்கணும் அங்கிள். ரிப்போர்ட்ல ரெண்டு சைடும் கேப்பாங்க." கருவியைத் தள்ளி வைத்து அழுத்தினாள்.  "வெயிட். ஒன் சிக்ஸ்டி எய்ட்டா?" மறுபடி அழுத்தினாள். மறுபடி தேய்த்து மறுபடி அழுத்தினாள். "ஒன் செவன்ட்டி. ஒன் சிக்ஸ்டி ஃபைவ்." இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனதும் எண் திரும்ப இருநூற்றுக்கு மேல் ஏறியது.

வெல்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் மிருதுவாக இருந்தது. சாக்பீஸால் அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"ஆன்ட்டி, உங்க ஹீட்டர் பட்டை இது வரைக்கும் வந்துச்சா?"

"இல்லம்மா. அதுக்கு முன்னாலயே முடிஞ்சிடும்."

"அப்ப இங்க யாரு சூடு வச்சது?"

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்கு அப்போதுதான் ஃபிட்டர் சொன்னது புரிந்தது. வழிக்குக் கொண்டாந்துட்டேன்ல! சாதாரண இரும்புக் குழாய் வாய் ஒட்டாமல் நின்றால் எல்லா ஃபிட்டர்களும் செய்வது அதுதான். ஒரு பக்கத்தில் டார்ச்சை வைத்துச் சிவக்கக் காய்ச்சுவார்கள். ஆறும்போது குழாய் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வளையும். வாய்கள் சேர்ந்துவிடும். ஜூரோங்கில் இருபது வருடமாக ஆயிரம் குழாய்களை அவர் அப்படிப் பொருத்தியிருப்பார், ஒன்றுக்கும் ஒன்றும் ஆனதில்லை. இந்த உருக்கில் ஒருமுறை அப்படிச் செய்தால் அந்த உள்ளங்கை அளவு இடத்தின் பக்குவம் முடிந்தது. பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டால் அடையாளமும் இருக்காது.

எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அன்று காலையில் ஒருமுறை கை தூக்கியதே என் அளவுக்கு அதிகம். குனிந்து சாக்பீஸ் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாய்க்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஃபிட்டரைக் கூப்பிட்டார்.

"இங்க டார்ச் வச்சியா?"

"கொஞ்சம் சூடு காட்டினேன் பாய். வாய் ஒட்டலல்ல. எப்பவும் செய்றதுதானே?"

"எவ்வளவு கொஞ்சம்?"

ஃபிட்டர் வட்டத்தைப் பார்த்தார், அந்தப் பெண்ணின் கையில் இருந்த கருவியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "செவந்துச்சு பாய்" என்றார்.

பாய் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். பெயிண்ட்காரரைத் திருப்பி அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை லாரி வரவில்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்து, இரண்டு புதிய வெல்டுகள், இரண்டு முறை என் வேலை. மற்ற ஒன்பது இணைப்புகளையும் அடிப்பக்கம் வரை அளந்தார்கள். அவை நன்றாக இருந்தன.

வேலை அனுமதியை ரத்து செய்து ஃபிட்டரை அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு வாரம் பேச்சு இருந்தது. அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ரோஜா நிறப் பள்ளிப்பை கண்ணுக்குள்ளேயே நின்றது. பாய் மேலிடத்தில் என்ன சொன்னாரோ, எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். சாதாரணக் குழாய்கள் பக்கம் மாற்றினார்கள். விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பியும் வந்தார். மதியம் வேறு மேசையில் சாப்பிட்டார். கம்பெனி பஸ்ஸில் முன்னால் போய் உட்கார்ந்தார்.

நான் அவரைக் காட்டிக்கொடுக்கத்தான் கை தூக்கினேன் என்று நினைக்கிறார் என எனக்குத் தோன்றியது. வியாழக்கிழமை டார்ச்சோடு இருந்ததை நான் பார்த்தது அவருக்கும் தெரியும். மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒரு மாலை பஸ் தாமதமானபோது வாசலில் நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம்.

"தம்பி, நான் உங்களைச் சொல்லல. என் வயருக்குப் பயந்துதான் கை தூக்கினேன்."

"தெரியும்க்கா. பாய் அன்னிக்கே சொல்லிட்டாரு. உங்களுக்கு உங்க நிழலப் பார்த்தாலே பயம். நீங்க எங்க அடுத்தவனப் போட்டுக் கொடுக்கப் போறீங்க?" சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்தினார்.

"ஒண்ணுதான் எனக்கு. அன்னிக்கு டீக்கடையில சொன்னேனே, வழிக்குக் கொண்டாந்துட்டேன்னு. எப்படின்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? உங்களுக்கு இந்த இரும்பப் பத்தித் தெரியும். எனக்குத் தெரியாது. கேட்டிருந்தா நானே திங்கக்கிழம பாய்கிட்டப் போயிருப்பேன்."

போயிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நான் கேட்கவில்லை. என் கைப்பையைத் தவிர வேறு எதுவும் அன்று என் காதில் விழவில்லை. பஸ் வந்தது. அவர் ஏறி, என் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தார். 

இப்போது வயர்ப் பெட்டியைத் திறக்குமுன், அந்த இணைப்பைப் பொருத்திய ஃபிட்டர் யாரென்று தேடிப்போகிறேன். போகும் வழியில் இரண்டு முறை திரும்பி வந்துவிடலாம் என்று தோன்றும். அவர் முன்னால் நின்று, "இதுல எங்கயாவது டார்ச் வச்சீங்களா?" என்று கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். "போலீஸ் வந்துட்டாங்கப்பா" என்று ஒருவர் கத்துகிறார். கேட்டுவிட்டு அவர் பதில் சொல்லும் வரை நிற்கிறேன். அதன் பிறகு மண்டியிட்டு வயர்களை ஒட்டி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறேன். நான்காவதை இரண்டு முறை இழுக்கிறேன். எண்ணிக்கையை இப்போது வாய்க்குள் சொல்வதில்லை, வாய்விட்டே சொல்கிறேன்.